பச்சை பியானோ டீச்சர்

அமெரிக்கப் பாடகி ரோபர்ட்டா ஃபிளாக் எனக்கு அறிமுகமானதே வேறொருவர் குரலில்தான். கல்லூரி விடுதியில் பக்கத்து அறைக்காரன் ஃபியூஜீஸ் என்ற ஹிப்ஹாப் குழுவின் கேசட்டை டேப் தேயத் தேயப் போட்டுக்கொண்டிருந்த காலம். 'கில்லிங் மீ சாஃப்ட்லி' அவர்களுடைய பாட்டு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ரோபர்ட்டா 1973-லேயே அதைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்ததுதான். (அவரும் முதல் ஆள் இல்லை. லோரி லீபர்மன் என்ற பாடகி பாடியதை விமானத்தில் போகும்போது கேட்டுவிட்டு, இறங்கியதும் தேடிப் பிடித்தார்.)

2025 பிப்ரவரி 24 அன்று 88 வயதில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலும் விருதுக் கணக்குதான். 1973, 1974 என்று அடுத்தடுத்த வருடங்களில் 'ரெக்கார்ட் ஆஃப் தி இயர்' கிராமி வாங்கிய முதல் ஆள். சரி, பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு அவருடைய கதையில் சுவாரசியமான பகுதி அதற்கு முந்தைய காலம். அப்போது அவர் பள்ளிக்கூட டீச்சர்.

பிறந்தது 1937-ல், வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் என்ற ஊரில்; வளர்ந்தது வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில். காயலான் கடையில் கிடந்த ஒரு பழைய பியானோவை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து, சுத்தம் செய்து, பச்சை பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அதில் பழகிய பெண் 15 வயதில் முழு உதவித்தொகையோடு வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தாள். ஆசையெல்லாம் மேற்கத்திய செவ்வியல் இசை மீது. ஆனால் 1950களின் அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அந்த மேடைகள் அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடாது. படித்து முடித்து மேலே படித்துக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று இறந்துபோனார். படிப்பை விட்டுவிட்டு வட கரோலினாவின் ஃபார்ம்வில் என்ற சின்ன ஊரில் இசையும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனார். அப்புறம் வாஷிங்டன் பள்ளிகளில் வேலை.

பகலில் பள்ளிக்கூடம். சாயங்காலம் டிவோலி கிளப்பில் ஆபரா பாடுபவர்களுக்குப் பியானோ வாசிப்பார், இடைவேளை விட்டால் பின்னறைக்குப் போய் அங்கிருந்த பியானோவில் தனக்குப் பிடித்த ப்ளூஸ், நாட்டுப்பாடல், சினிமாப் பாட்டு என்று பாடிக்கொண்டிருப்பார். அவருக்குக் குரல் பயிற்சி கொடுத்த ஆசிரியரே ஒருநாள் சொல்லிவிட்டார், உனக்கு எதிர்காலம் செவ்வியலில் இல்லை, ஜனரஞ்சக இசையில்தான் என்று. அத்தனை வருட சாதகத்துக்குப் பிறகு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்! ஆனால் கேட்டுக்கொண்டார். 1968-ல் மிஸ்டர் ஹென்றிஸ் என்ற உணவகத்தில் நிரந்தரமாகப் பாட வாய்ப்பு வந்ததும்தான் டீச்சர் வேலையை விட்டார். கூட்டம் தாங்காமல் கடைக்காரர் அவருக்கென்றே மாடியில் ஓர் அறையைத் தயார் செய்து கொடுத்தார்.

ஜாஸ் கலைஞர் லெஸ் மெக்கான் அவருடைய பாட்டைக் கேட்டு, அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் சொல்லி ஏற்பாடு செய்தார். பாடிக் காட்டச் சொன்னபோது மூன்று மணி நேரத்தில் 40-க்கு மேல் பாட்டுகள் பாடினாராம். 'ஃபர்ஸ்ட் டேக்' என்ற முதல் ஆல்பம் 1969 பிப்ரவரியில் பத்தே மணி நேரத்தில் பதிவானது. எட்டுப் பாட்டு, பாஸ் என்ற தந்தி வாத்தியம் வாசித்தவர் ஜாஸ் கலைஞர் ரான் கார்ட்டர். முதல் பாட்டு அரசியல் கோபம், அடுத்தது ஸ்பானிஷில், நடுவே தேவாலயப் பாட்டு. இத்தனையும் ஒரே ஆளுக்கு எப்படி இவ்வளவு இயல்பாக வந்தது என்று வியப்பவர்கள், அவர் அதற்கு முன்னால் எத்தனை இரவுகள் அந்த பின்னறையிலும் மாடியிலும் உட்கார்ந்திருந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஆல்பத்தில்தான் 'தி ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ சா யுவர் ஃபேஸ்'. பிரிட்டனின் நாட்டுப்பாடல் கலைஞர் யூவன் மெக்கோல் 1957-ல் தன் காதலி பெகி சீகருக்காக எழுதிய காதல் பாட்டு. மற்றவர்கள் கிடாரோடு மளமளவென்று பாடி முடித்துவிடுவதை ரோபர்ட்டா ஐந்து நிமிடத்துக்கும் மேல் இழுக்கிறார். பதிவு செய்வதற்கு முன்பே இதைத் தன் பள்ளிக்கூடக் குழுப்பாடல் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இது என் ஊகம்தான், ஆனால் அந்த நிதானம் வகுப்பறையிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். பிள்ளைகளுக்குப் பாட்டு கற்றுக்கொடுப்பவர் ஒவ்வொரு வரியையும் பிரித்துப் பாடி, அவர்கள் மூச்சு வாங்கும்வரை காத்திருந்துதானே அடுத்த வரிக்குப் போவார்? சௌக்க காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேகத்தில் மறைந்துவிடும் பிசிறெல்லாம் அதில் வெளியே வந்துவிடும். இந்தப் பாட்டில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவர் விடும் மௌனத்தில் ஒரு பிசிறும் கிடையாது. ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால் அவருக்கே அதில் சந்தேகம் இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஹாலிவுட் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட், தான் முதல்முறையாக இயக்கிய படத்துக்கு அந்தப் பாட்டு வேண்டும் என்று ஃபோன் செய்தபோது, ரொம்ப மெதுவாக இருக்கிறது, திரும்பப் பாடித் தருகிறேன் என்றிருக்கிறார். ஈஸ்ட்வுட் வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். நல்லவேளை! படம் 1971-ல் வந்தது. 1972-ல் பாட்டு ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. மூன்று வருடப் பழைய ஆல்பமும் கூடவே மேலே ஏறியது.

ஹோவர்டில் படித்த பாடகர் டோனி ஹாத்தவேயோடு சேர்ந்து பாடியதைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுத வேண்டும். 1979-ல் 33 வயதில் அவர் இறந்துபோனார், அதைத் தொட்டால் இந்தப் பதிவு வேறெங்கோ போய்விடும்.

புகழுக்குப் பிறகும் அவருக்குள் இருந்த டீச்சர் அவரை விடவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஒரு பள்ளியோடு சேர்ந்து தன் பெயரில் இசைப் பள்ளி தொடங்கினார், வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. 2022 நவம்பரில் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் வந்திருப்பதையும், இனிப் பாட முடியாது என்பதையும் அறிவித்தார்கள். அடுத்த ஜனவரியில் அவருடைய புத்தகம் ஒன்று வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகம். அப்பா பெயின்ட் அடித்துக் கொடுத்த அந்தப் பச்சை பியானோவின் கதை.