ஏற்காட்டுக்கு ஒரே ஒரு லென்ஸோடு

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் காய்ந்த புதர்க்காடு, கண் கூசும் வெயில். சாலை 1,500 மீட்டர் உயரத்தை நெருங்கும்போது சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் நிழலில் காபிச் செடிகளும் வந்துவிடும். மூடுபனி இறங்கிய நாளில் நிழலே விழாத வெளிச்சம் கிடைக்கும். ஒரே காலையில் இத்தனை விதமான ஒளியைப் பார்க்க முடிவதால், தனக்கென ஒரு பாணியைத் தேடுகிறவர்கள் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் பழகுவது நல்லது.

ஏற்காடு ஆல்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் கம்பி வேலி, பகோடா பாயிண்ட்டில் அடுக்குக் கற்கள். எல்லோரும் பார்வை மேடையிலேயே நின்று, கண் உயரத்தில் கேமராவைப் பிடித்து, ஜூமைத் திருகி எடுக்கிறார்கள். எவ்வளவு தூரத்தில் நிற்பது, எந்த உயரத்திலிருந்து பார்ப்பது, எந்த ஒளிக்குக் காத்திருப்பது என்ற மூன்று முடிவுகளையும் நாமே எடுத்து அவற்றில் நிலைத்து நின்றால்தான் பாணி உருவாகும். பிரீசெட் (யாரோ தயாரித்த நிறத்திருத்த அமைப்பு) வாங்கிப் போட்டால் கிடைப்பது வெறும் நிறச்சாயல்.

ஆகவே ஜூமை வீட்டில் வைத்துவிடுங்கள். பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். அதைவிடச் சிறிய கிராப் சென்சார் என்றால் 23 முதல் 35 மி.மீ.க்குள் ஒன்று. போனில் எடுப்பவர்கள் 1x அல்லது 2x, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு பயணம் முடியும்வரை மாற்றாமல் இருக்கலாம். தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கும். பிறகு கேமராவைத் தூக்கும் முன்பே படச் சட்டத்துக்குள் என்ன வரும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும், கால்கள் தாமாகவே சரியான தூரத்துக்கு நகரும்.

பழகுவதற்கு ஏற்ற இடம் ஊரைச் சுற்றிவரும் 32 கிலோமீட்டர் லூப் சாலை. இருபுறமும் தோட்டங்கள், சில்வர் ஓக் தண்டுகளில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். தோட்டத்துக்குள் போவதானால் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும், ஆனால் சாலை ஓரத்திலேயே வேண்டிய அளவு இருக்கிறது. நேர்குத்தான தண்டுகளைப் படமாக்கும்போது கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் மரங்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சரியும். கேமராவை மட்டமாகப் பிடித்து, பின்னால் நகர்ந்து எடுங்கள். மரங்களுக்கு இடையே வெள்ளை வானம் அதிகம் தெரிந்தால் கண் அங்கேயே ஓடும்; ஓரடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தால் ஒரு தண்டு அந்த ஓட்டையை மூடிவிடும்.

மூடுபனியில்தான் பலருக்குப் படம் கெடுகிறது. கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்வதால் வெண்பனி அழுக்குச் சாம்பலாகப் பதியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 முதல் +1.3 வரை ஏற்றுங்கள். இருள் இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலப்பக்கம் நகர வேண்டும், ஆனால் ஓரச்சுவரில் முட்டக் கூடாது. போனில் திரையை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டியபின் மேலே இழுக்கலாம். ஆட்டோ ஃபோகஸ் பனிக்குள் தடுமாறி முன்னும் பின்னும் ஓடும். கருத்த மரத்தண்டின் விளிம்பைக் காட்டினால் பிடித்துக்கொள்ளும்.

ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட வேண்டாம். காபிச் செடிகளின் பச்சை நிழலிலிருந்து திறந்த வெளிக்கு வரும்போது ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் விழும், தொகுப்பாக அடுக்கும்போது ஒட்டாது. 5,500 கெல்வினில் நிறுத்தி, பின்னர் நிறத்தை எளிதில் மாற்ற இடம்தரும் ரா வடிவில் எடுங்கள். பனியின் நீலச்சாயலை வைத்துக்கொள்வதா, சற்றே சூடாக்குவதா என்பதை வீட்டில் ஒருமுறை முடிவுசெய்து எல்லாப் படங்களுக்கும் அதையே வையுங்கள். எடிட்டிங் மென்பொருளில் மங்கலை நீக்கும் ‘டிஹேஸ்’ கருவியைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அது பனியைக் கிழித்துக் கறுப்பைக் கொண்டுவருகிறது. அதற்குப் பிறகு அந்தப் படம் எந்த மலையிலும் எடுத்ததாக இருக்கலாம்.

மாலையில் லேடீஸ் சீட்டிலிருந்து கீழே சேலம் நகரம் தெரியும். முழு இருட்டுக்காகக் காத்திருந்தால் கறுப்பில் புள்ளிகள் மட்டுமே மிஞ்சும். சூரியன் மறைந்து 20 முதல் 30 நிமிடங்களில், வானத்தின் நீலமும் தெருவிளக்குகளும் சமநிலைக்கு வரும். டிரைபாட் (முக்காலி), ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் 8 முதல் 15 நொடி. 2 நொடி டைமர் வைத்தால் விரல் அழுத்தும் அதிர்வு பதியாது. கம்பி வேலியில் டிரைபாடைச் சாய்க்காதீர்கள், பக்கத்தில் யாராவது கைவைத்தாலே ஆடும். சமவெளியின் தூசி கண்ணை மறைக்கும் நாட்கள் அதிகம். மழை பெய்து ஓய்ந்த மாலை தெளிவாக இருக்கும்.

கீழே இறங்கும்போது ஒரு எச்சரிக்கை. மலைக்குளிரிலோ காரின் ஏசியிலோ இருந்த கேமராவைச் சேலத்தின் புழுக்கத்தில் சட்டென வெளியே எடுத்தால் லென்ஸில் நீர்த்திவலை படியும். இறுக மூடிய பிளாஸ்டிக் பைக்குள் அரை மணி நேரம் விட்டுத் திறங்கள்.

வீட்டுக்கு வந்தபின் 40 படங்களை 4×6 அங்குலத்தில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். போன் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால் பொதுத்தன்மை தெரியாது. அழகானதைத் தேடாமல், திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். மனிதர்களை எப்போதும் தொலைவில் வைக்கிறீர்களா? வானத்தை வெட்டிவிடுகிறீர்களா? பொருள் எப்போதும் சட்டத்தின் கீழ்ப்பாதியில் விழுகிறதா? அந்தப் போக்குக்குப் பொருந்தும் 12 படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பாராட்டுப் பெற்றிருந்தாலும் பொருந்தாத படம் வெளியே போகட்டும். இந்தக் கழித்தல்தான் மிகக் கடினமான வேலை, இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

அடுத்த பயணம் வேறு பருவத்தில் அமையட்டும். கோடை மழைக்குப் பின் ஒரு வாரம், பத்து நாளில் காபி பூக்கும். வெள்ளைப் பூக்கள் சில நாட்களே தாங்கும். அறுவடைக் காலத்தில் களங்களில் காபி காயும். அதே லென்ஸ், அதே தூரம், அதே சாலை வளைவு. ஒளியும் செடியும் மட்டும் மாறியிருக்கும்போது, முதல் தொகுப்பில் கண்ட போக்கு உங்களுடையதா அல்லது அன்றைய பனி கொடுத்ததா என்பது தெரிந்துவிடும்.