குட்டியைத் தூக்காதீர்கள்

ஆட்டுப்பட்டிக் காவலுக்கு நாய்க்குட்டி பார்க்க எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர்களிடம், செருப்பைப் படலுக்கு வெளியே விட்டுக் கால் கழுவிக்கொள்ளச் சொன்ன கையோடு நான் வைக்கும் அடுத்த வேண்டுகோள், குட்டியைத் தூக்க வேண்டாம் என்பதுதான். கால் கழுவச் சொல்வது குட்டிகளைக் கொல்லும் தொற்றான பார்வோ நோய்க்குப் பயந்து. அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தூக்காதீர்கள் என்றதும் பலருக்கு முகம் சுண்டிப்போகிறது. "நாய் வளர்க்கறவங்க நீங்க, குட்டி மேல இத்தனை கோபமாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டே விட்டார். ஆறு வாரக் குட்டியொன்று படலின் இடுக்கில் மூக்கை நீட்டி வாலை ஆட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் அப்படி நிற்கத் தெரியாதவளாகத்தான் வளர்ந்தேன். கூட்டிலிருந்து விழுந்த அணில்பிள்ளைக்குப் பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்ததும், தாய் ஒதுக்கிய செம்மறிக் குட்டியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி அம்மாவிடம் அடி வாங்கியதும் என் பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதி. பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த பதினான்கு ஆண்டுகளும், இரவு வீடு திரும்பும் வழியில் தெருநாய்களுக்குச் சோறு வைத்திருக்கிறேன். பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்கு இது தேவைப்படுகிறது என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

வெள்ளகோவில் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது கொறங்காடு. கிளுவை வேலி சூழ்ந்த, கொழுக்கட்டைப்புல் தானாக முளைத்து நிற்கும், இடையிடையே வெள்வேல மரங்கள் நிழல் தரும் மேய்ச்சல் நிலத்தைக் காங்கேயம் வட்டாரத்தில் அப்படித்தான் சொல்வோம். காங்கேயம் மாடுகளைப் போலவே செம்மறிகளும் இந்தக் காட்டை நம்பித்தான் இருக்கின்றன. பகலில் மேய்ந்த ஆடுகளை இரவில் காட்டுக்குள்ளேயே பட்டியில் அடைத்துவிட்டு ஆள்கள் வீட்டுக்கு வந்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். கிளுவை வேலி ஆட்டைத் தடுக்கும், நாயைத் தடுக்காது.

2017 தை மாதத்தில் ஒரு விடியலில் நான் பட்டிக்குப் போனபோது நாற்பத்திரண்டில் பதின்மூன்று ஆடுகள் செத்துக் கிடந்தன. தொடையும் கழுத்தும் குதறப்பட்டிருந்தனவே தவிர, எந்த ஆட்டையும் பசிக்குத் தின்ற அடையாளம் இல்லை. கடிபடாமல் தப்பியவை ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கியதில் இரண்டு குட்டிகள் மூச்சுத் திணறிச் செத்திருந்தன. அடுத்த நான்கு நாள்களில், காயம் சிறியதாகத் தெரிந்த ஆடுகளும் தீனி எடுக்காமல் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இப்படிச் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டுச் சந்தை விலைக்கு இழப்பீடு கேட்டுக் காங்கேயம், வெள்ளகோவில் பகுதி விவசாயிகள் போராடிய செய்திகளைப் பிற்பாடு எல்லோரும் படித்திருப்பார்கள். அன்று என்னை வாட்டியது இழப்பு மட்டுமன்று. தடம் தெருநாய்களுடையது. நான் பதினான்கு ஆண்டுகள் சோறு வைத்தது இவற்றின் இனத்துக்குத்தான். அவற்றுக்கு விஷம் வைக்கலாம் என்று பக்கத்துக் காட்டார் சொன்னபோது என்னால் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, அவர் முகத்தைப் பார்த்து மறுக்கவும் முடியவில்லை.

அப்போது நான் செய்த முதல் காரியம் தவறாகப் போயிற்று. பேர் பெற்ற காவல் நாய் என்று கேள்விப்பட்டு, தூய வெள்ளை ராஜபாளையம் குட்டி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தேன். அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வரக்கூடும் என்பதை வாங்கிய பிறகுதான் அறிந்தேன். எங்கள் குட்டிக்குக் காது கேட்டது, அது எங்கள் அதிர்ஷ்டம். திண்ணையில் என் மடியில் வளர்ந்த அவன் ஓராண்டில் கம்பீரமான நாயாகி, அந்நியர் யாரையும் வாசலுக்குள் விடாதவன் ஆனான். ஆனால் பட்டிக்குக் கொண்டுபோய்க் கட்டினால் வீட்டைப் பார்த்து ஊளையிட்டான். அவிழ்த்துவிட்டால் சமையலறைக் கதவடியில் வந்து படுத்துக்கொண்டான். அவன் காத்தது அவனுடைய குடும்பத்தை. ஆடுகள் அந்தக் குடும்பத்தில் இல்லை என்பது அவனுடைய குற்றமில்லை.

அம்மாவின் அப்பாவான அப்பிச்சியின் பட்டியில் இருந்த கருநாய் அதற்குப் பிறகுதான் என் நினைவுக்கு வந்தது. அது வீட்டுப் பக்கமே வராது. ஆடுகளோடு கிளம்பும், ஆடுகளோடு திரும்பும், ஆட்டுப்புழுக்கையின் நடுவில் சுருண்டு தூங்கும். கண் திறந்த சில நாள்களிலேயே அதைத் தாயிடமிருந்து கொண்டுவந்து, பால்மடி நிறைந்த ஆடு ஒன்றைப் பிடித்து நிறுத்தி அப்பிச்சி ஊட்ட வைத்தாராம். "நாய்க்குத் தான் நாயின்னு தெரியறதுக்குள்ள ஆடுன்னு தெரியோணும் அம்மிணி" என்று அவர் சொன்னதை நான் அந்த நாளில் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். 1833ஆம் ஆண்டில் உருகுவே நாட்டின் புல்வெளிகளில் பயணம் செய்த சார்லஸ் டார்வின், குட்டியைச் சிறு வயதிலேயே தாயிடமிருந்து பிரித்து, நாளுக்கு மூன்று நான்கு முறை பெண்ணாட்டைப் பிடித்து நிறுத்திப் பால் குடிக்க விட்டு, ஆட்டுக் கம்பளியால் பட்டிக்குள் படுக்கை செய்து, மற்ற நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் பழகவிடாமல் வளர்க்கும் மேய்ப்பர்களைக் கண்டு எழுதியிருக்கிறார் என்பதைப் படித்தபோது, எனக்கு அப்பிச்சியே எழுந்து வந்து பேசியது போல் இருந்தது.

இதன் பின்னால் உள்ள காரணத்தை விளக்கியவர்களில் முக்கியமானவர்கள், 1970களில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இருந்துகொண்டு ஐரோப்பிய, துருக்கிய ஆட்டுக்காவல் நாய்களை வரவழைத்து நூற்றுக்கணக்கான பண்ணைகளுக்குக் கொடுத்து ஆராய்ந்த ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதியர். நாய்க்குட்டிக்கு ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் திறந்து, பன்னிரண்டு முதல் பதினாறாம் வாரத்துக்குள் மூடிக்கொள்ளும் ஒரு பருவம் இருக்கிறது. அந்தப் பருவத்தில் எதனோடு சேர்ந்து தூங்கி, எதன் வாசனையில் விழிக்கிறதோ அதையே தன் கூட்டமாக வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்கிறது. அது மட்டும் போதாது என்பதையும் அவர்கள் சொன்னார்கள்: நாய் ஆட்டைவிட்டு விலகாமல் இருக்க வேண்டும், ஆட்டுக்குத் தீங்கு செய்யாமல் இருக்க வேண்டும், புதிதாக எது வந்தாலும் குறுக்கே போய் நிற்க வேண்டும். முதலாவது பெரும்பாலும் வளர்ப்பில் வருகிறது. மற்ற இரண்டும் பிறப்பையும் கேட்கின்றன.

நான் வளர்ப்பாளராக ஆனது அந்தப் பிறப்பைத் தேடித்தான். தாராபுரம் தொடங்கிக் கரூர் எல்லை வரை பட்டி பட்டியாக இரண்டு ஆண்டுகள் அலைந்தேன். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள்; ஓடுகிற எதையும் துரத்தத் தோன்றுவது அவற்றின் ரத்தம், செம்மறியோ பயந்தால் ஓடுவதைத் தவிர வேறெதுவும் அறியாதது. நாட்டினம் என்ற பெருமைக்காக அவற்றைப் பட்டிக்கு வாங்குவது நாய்க்கும் ஆட்டுக்கும் செய்யும் கொடுமை என்றே நான் நினைக்கிறேன். நான் தேடியது வேட்டைப் புத்தி மழுங்கிய நாயை: உற்றுப் பார்க்காத, பதுங்காத, துரத்தத் தோன்றாத, சோம்பேறி என்று ஊர் சொல்லும் நாயை. கடைசியில், ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகும் ஒரு கீதாரியின் கிடையிலிருந்து 'மயிலை' என்ற சாம்பல் நிறப் பெண்ணும், கன்னிவாடிச் சந்தைக்கு ஆடு கொண்டுவரும் ஒரு குடும்பத்தின் பட்டியிலிருந்து 'காரி' என்ற ஆணும் கிடைத்தன. இரண்டுக்கும் சாதிச் சான்றிதழ் கிடையாது. என்ன இனம் என்று கேட்பவர்களிடம் பட்டி நாய் என்றுதான் சொல்கிறேன். சிலர் அந்தப் பதிலோடு போனை வைத்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டு இனங்களை ஏன் வளர்க்கவில்லை என்றும் கேட்கிறார்கள். துருக்கியின் கங்கால், இத்தாலியின் மரெம்மா, பிரெனீஸ் மலை நாய் ஆகியவை இந்த வேலைக்கென்றே நூற்றாண்டுகளாகத் தேறியவை. நமீபியாவில் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 1994 முதல் துருக்கியைச் சேர்ந்த அனத்தோலிய நாய்களைப் பண்ணையாளர்களுக்குக் கொடுத்து, ஆடும் பிழைத்துச் சிவிங்கிப்புலியும் சுடப்படாமல் பிழைக்கும்படி செய்திருக்கிறது. தெருநாய்க்கு விஷம் வைக்க மனம் வராத எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் சித்திரை வெயிலில் எங்கள் காட்டில் அந்த அடர்த்தியான மயிரோடு ஒரு நாயை நிறுத்த எனக்குத் துணிவில்லை. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு ஆபத்தானவை என்று இருபத்துமூன்று வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையில் கங்கால், அக்பாஷ் போன்ற ஆட்டுக்காவல் இனங்களும் இடம்பெற்றிருந்தன. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது என்றாலும், ஆடே இல்லாத நகர மாடி வீட்டில் இந்த நாய்களை அடைத்து வைப்பவர்களால்தான் அவற்றுக்கு இந்தக் கெட்ட பெயர் என்பது என் எண்ணம்.

குட்டி வளர்ப்பில் நான் அப்பிச்சியின் வழியை அப்படியே பின்பற்றவில்லை. குட்டியைத் தாயிடமிருந்து முன்கூட்டியே பிரிப்பதில்லை; மயிலை குட்டி போடுவதே பட்டியின் ஒரு ஓரத்தில் தட்டி வைத்து மறைத்த இடத்தில்தான் என்பதால், கண் திறக்கும்போதே ஆட்டு வாசனை அவற்றுக்கு வந்துவிடுகிறது. நான்காம் வாரத்தில் தட்டியில் சிறு வழி விடுகிறேன். வயதான, பொறுமையுள்ள இரண்டு மூன்று பெண்ணாடுகளை மட்டும் அந்தப் பக்கம் விடுவேன். மிதமிஞ்சித் துள்ளும் குட்டியை அவை முட்டித் தள்ளும், அந்த முட்டு என் அதட்டலைவிட நன்றாகப் பாடம் சொல்லும். நாள்தோறும் ஐந்து நிமிடம் ஒவ்வொரு குட்டியையும் நானே பிடித்து வாய், காது, பாதம் பார்த்து விட்டுவிடுவேன். மனிதக் கையே படாமல் வளர்ந்தால் பிற்பாடு ஊசி போடக்கூடப் பிடிக்க முடியாது. அந்த ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு கொஞ்சலும் இல்லை. முதல் ஈற்றில் இதற்காக நான் அழுதிருக்கிறேன் என்று சொல்ல வெட்கமில்லை.

குடற்புழு மருந்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆடு அறுத்த இடத்தில் தலையையும் குடலையும் பச்சையாக நாய்க்குப் போடும் வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. நாயின் வயிற்றில் வளரும் நாடாப்புழுவின் முட்டை புல்லில் விழுந்து, ஆட்டின் வயிற்றுக்குள் போய், மூளையில் நீர்க்கட்டியாக வளர்ந்தால் அந்த ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து சாகும். இன்னொரு வகை நாடாப்புழு மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வைக்கும். காவலுக்கு வைத்த நாயே பட்டியை அழிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆகவே கம்பஞ்சோறும் மோரும் வேகவைத்த கறியும்தான் தீனி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து. ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி.

எட்டு மாதம் முதல் ஒன்றரை வயது வரை உள்ள காலம்தான் எல்லோரையும் கைவிடச் செய்கிறது. உடம்பு நாயாகவும் புத்தி குட்டியாகவும் இருக்கும் அந்தப் பருவத்தில் அது விளையாட்டுக்கு ஆட்டின் காதைக் கடிக்கும், ஓட்டிப் பார்க்கும். காரியின் மகன் ஒருவன் பத்தாம் மாதத்தில் ஆட்டுக்குட்டி ஒன்றோடு விளையாடி விளையாடியே அதைக் கொன்றுவிட்டு, எழுந்திருக்கச் சொல்லி மூக்கால் தள்ளிக்கொண்டிருந்தான். மேயப்போன இடத்தில் வேலி தாண்டும் மாட்டுக்குக் கழுத்தில் தொண்டுக்கட்டை கட்டுவோமே, அதையே சிறிதாகச் செய்து அவனுக்கு நான்கு மாதம் கட்டியிருந்தேன். ஓட முடியாத நாய் நடக்கப் பழகிற்று. அவன் தேறினான், அவனுடைய தங்கை தேறவில்லை. அவளுக்குக் கருத்தடை செய்து, பட்டி இல்லாத ஒரு தென்னந்தோப்புக் குடும்பத்துக்குப் பணம் வாங்காமல் கொடுத்தேன். தேறாத நாயின் வாரிசு எந்தப் பட்டிக்கும் போகக் கூடாது.

2017இல் வந்த நாய் வளர்ப்பு விதிகள், எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது, பெட்டையை இணை சேர்க்க அதற்குப் பதினெட்டு மாதம் முடிந்திருக்க வேண்டும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்கின்றன. மயிலையை நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். குட்டி எட்டு வாரத்தில் போனால், வாங்கியவர் அடுத்த எட்டு வாரத்தையும் பட்டியிலேயே வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பதால், பெரும்பாலும் நாலு மாதம் வரை என்னிடமே வைத்திருந்து கொடுக்கிறேன். தீனிச் செலவைக் கணக்குப் பார்த்தால் இது ஒரு தொழிலே இல்லை என்று என் பழைய கணக்குப்பிள்ளைப் புத்தி சொல்கிறது.

போன மாதம், மூலனூர்ப் பக்கத்துக்கு ஜோடியாகக் குட்டி வாங்கிப் போன ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார். குரலில் குறை இருந்தது. "ஏனுங்க, ஆறு மாசமாச்சுங்க. பேரு சொல்லிக் கூப்புட்டாலும் ரெண்டும் வூட்டுப் பக்கமே வர மாட்டீங்குதுங்க. எம் பேத்தி சோத்து வட்டலத் தூக்கிக்கிட்டுப் பட்டிக்கே போவோண்டியதா இருக்குதுங்க. இதுக என்னங்க நாயி?"

வட்டலை இனிப் பட்டியிலேயே வைத்துவிடச் சொன்னேன்.