விசாவில் ஒரு தேதி

ஈரான் தலைநகர் டெஹ்ரானில் மாட்டிக்கொண்ட அமெரிக்கர்கள் விமானத்தில் தப்பிய கதையைச் சொல்லும் ஆர்கோ படத்தை நான் பார்த்தது அது ஆஸ்கர் வாங்கி ரொம்ப நாள் கழித்துத்தான். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர், "ஏர்போர்ட்ல வேலை பாக்குறவன் இதைப் பாக்காம இருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, தூக்கத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பார்த்தேன். 2013 பிப்ரவரியில் சிறந்த படம், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு என்று 3 ஆஸ்கர் வாங்கிய படம். பார்த்து முடித்தபோது எனக்கு வந்தது வருத்தம்தான்.

நான் 11 வருடம் செக்-இன் கவுண்டரில் இருந்தவன். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது பெட்டியை எடை போட்டு போர்டிங் பாஸ் கொடுக்கிற வேலை. உண்மையில் அதில் பாதிக்கு மேல் காகிதம் பார்ப்பதுதான். பாஸ்போர்ட், விசா, முத்திரை, பெயரின் எழுத்து, தேதி. சரியான விசா இல்லாத ஒருவரை ஏற்றி அனுப்பிவிட்டால் போய் இறங்கிய நாட்டில் விமான நிறுவனத்துக்கு அபராதம், அவரைத் திரும்பக் கூட்டி வருகிற பொறுப்பும் நிறுவனத்தின் தலையில்தான் விழும். அதனால் கவுண்டரில் நிற்கிறவனின் கண் முதலில் தேதிக்குத்தான் போகும், பயணியின் முகத்துக்கு அப்புறம்.

சேர்ந்த இரண்டாவது வருடம் நடந்தது இது. விடுமுறை முடிந்து சவுதிக்குத் திரும்புகிற ஒரு தொழிலாளி வந்தார். திரும்ப நுழைய அனுமதிக்கும் ரீ-என்ட்ரி முத்திரையில் இஸ்லாமியக் காலண்டரின் ஹிஜ்ரி தேதி மட்டும்தான் இருந்தது. ஹிஜ்ரி ஆண்டு நம் கையில் இருக்கும் ஆங்கில ஆண்டைவிடப் 10, 11 நாள் குறைவு, மாதத்துக்கு 29 நாளா 30 நாளா என்பது பிறையைப் பொறுத்தது. நான் கணக்குப் போட்டேன். முந்தின நாளோடு காலாவதி. இன்னொரு தரம் போட்டேன், அதே விடை. அவரிடம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நான் பாஸ்போர்ட்டை மூன்றாவது முறை திருப்பியபோது அவருக்குப் புரிந்துவிட்டது. "சார்..." என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு கையாலும் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வரிசை, யாரோ ஒரு குழந்தை அழுகிறது, கன்வேயரில் அடுத்தவரின் பெட்டி ஓடுகிறது. எங்கள் டூட்டி ஆபீசர் வந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, போன மாசத்தை இருபத்தொன்பதுன்னு போட்டிருக்க. முப்பது நாள். இன்னைக்கு வரைக்கும் இருக்கு, ராத்திரி பன்னெண்டுக்குள்ள இறங்கிடுவாரு, அனுப்பு" என்றார். அனுப்பினேன். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பட்டியல் மறுநாள் காலையில் வந்ததும் முதலில் அவர் பெயரைத்தான் தேடினேன். இல்லை.

அந்த இரண்டு நிமிடத்தில் யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. ஆனால் அவர் விரல்கள் அந்த விளிம்பைப் பிடித்திருந்த விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

இப்போது டெஹ்ரானுக்கு வருகிறேன். 1979 நவம்பர் 4 அன்று அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாணவர்கள் புகுந்தார்கள். பிடிபட்டவர்களில் 52 பேர் 444 நாள் பிணைக் கைதிகளாக இருந்தார்கள். அன்று நழுவித் தப்பிய 6 பேரின் கதைதான் படம். அந்த 6 பேரில் 5 பேர் விசா பிரிவில் வேலை பார்த்தவர்கள் என்பதைப் பின்னால் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர்கள் இருந்த கட்டடத்துக்குத் தெருப்பக்கம் தனிக் கதவு இருந்ததால்தான் வெளியேற முடிந்தது. ஏறத்தாழ மூன்று மாதம் கனடா நாட்டுத் தூதர் கென் டெய்லர் வீட்டிலும், கனடா தூதரகத்தின் குடியேற்ற அதிகாரி ஜான் ஷியர்டவுன் வீட்டிலும் ஒளிந்திருந்தார்கள். கனடா அரசு ரகசியமாக அவர்களுக்குப் பாஸ்போர்ட் கொடுத்தது. சிஐஏ அதிகாரி டோனி மெண்டெஸ், படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்த சினிமாக்காரர்கள் என்று அவர்களுக்கு வேடம் கட்டி, 1980 ஜனவரி கடைசியில் சுவிஸ் ஏர் விமானத்தில் ஜூரிச்சுக்குக் கூட்டிப்போனார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அந்தப் பாஸ்போர்ட்டுகளில் இருந்த போலி ஈரான் விசாக்களில் ஒரு தேதி தப்பாக இருந்தது. ஈரானின் ஆண்டு மார்ச்சில் பிறக்கிறது, அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது 1358. சிஐஏயில் தயாரித்தவர்கள் அந்தக் காலண்டர் கணக்கில் தவறிவிட்டார்கள், தேதி பொருந்தவில்லை. டெஹ்ரானில் இருந்த கனடா தூதரகத்தில் பாரசீகம் படிக்கத் தெரிந்த ஒரு அதிகாரி உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மெண்டெஸ் வந்ததும் சரிசெய்தார்கள். அந்த அதிகாரி அன்று சோம்பியிருந்தால், மெஹ்ராபாத் விமான நிலையத்தில் ஒரு குடியேற்ற அலுவலர் பக்கத்தைத் திருப்பி ஒரு தரம் புருவத்தைச் சுருக்கியிருந்தாலே போதும், எல்லாம் முடிந்திருக்கும். நாளெல்லாம் அடுத்தவர் விசாவில் முத்திரை குத்திய 5 பேர், தங்கள் உயிரை இன்னொருவன் குத்தப்போகும் ஒரு முத்திரையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு திரைக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

படத்தில் நமக்குக் கிடைப்பது வேறு. கடைசி நேரத்தில் வாஷிங்டன் திட்டத்தை ரத்து செய்கிறது, டிக்கெட் இல்லை, கவுண்டரில் தேடும்போது சரியாக அந்த நொடியில் டிக்கெட் உறுதியாகிறது. அப்புறம் காவலர்கள் ஹாலிவுட்டில் இருக்கும் ஆபீசுக்குப் போன் போடுகிறார்கள், அதையும் கடைசி மணியில்தான் எடுக்கிறார்கள். முடிவில் ஓடுபாதையில் ஆயுதம் ஏந்திய ஆட்களோடு வண்டிகள் விமானத்தைத் துரத்துகின்றன. இதில் எதுவும் நடக்கவில்லை. டிக்கெட்டுகளை கனடா தரப்பு முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது, அதுவும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிறுவனங்களில். அந்த டிக்கெட் காட்சியில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பெண்ணைப் பார்த்தபோது, என் இருக்கையில் யாரோ உட்கார்ந்து பொய் சொல்கிற மாதிரி இருந்தது. ஓடுபாதைத் துரத்தலைப் பற்றி என்ன சொல்ல. ஓடுபாதையில் ஒரு வண்டி புகுந்துவிட்டது என்று தெரிந்தாலே கட்டுப்பாட்டுக் கோபுரம் விமானத்தை நிறுத்தச் சொல்லும், நிறுத்துவார்கள். விமான நிலையத்தில் வேலை பார்த்த எவருக்கும் அந்த இடத்தில் படம் அறுந்துவிடும்.

உண்மைச் சம்பவத்தைப் படமாக்கும்போது கொஞ்சம் மாற்றத்தான் வேண்டும் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். தூதரகத்துக்குள் கூட்டம் நுழையும் தொடக்கக் காட்சியை இயக்குநர் பென் அஃப்ளெக் எடுத்திருக்கும் விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவசரமாக ஆவணங்களை அழிக்கும் இடமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். அதனால்தான் வருத்தம் அதிகம். இவ்வளவு நன்றாக எடுக்கத் தெரிந்த அந்தக் கை, விமான நிலையத்துக்கு வந்ததும் உண்மையை நம்பாமல் போய்விட்டது.

யாரை விட்டுவிட்டார்கள் என்பது இன்னொரு வலி. வீட்டைத் திறந்துவிட்ட ஷியர்டவுன் படத்திலேயே இல்லை. பிரிட்டிஷ்காரர்களும் நியூசிலாந்துக்காரர்களும் கைவிட்டுவிட்டார்கள் என்று ஒரு வசனம் போகிறது, ஆனால் இரண்டு நாட்டுக்காரர்களும் உதவியவர்கள். அன்று அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டரே, திட்டத்தில் 90 சதவீதம் கனடாவின் பங்கு என்று பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். ஷியர்டவுன் 2012 டிசம்பர் 30 அன்று இறந்தார், படம் வெளியான இரண்டரை மாதத்தில். காகிதத்தோடு வாழ்ந்த ஒரு குடியேற்ற அதிகாரி, விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு காரியத்தைத் தயங்காமல் செய்தார். எங்கள் தொழிலுக்கு அடுத்த வீட்டுத் தொழில் அவருடையது, அதனால் எனக்கு அவர் யாரோ இல்லை.

அவர்கள் தப்பிய அன்று காலை விமான நிலையத்தில் உண்மையில் நடந்ததை மெண்டெஸ் எழுதியிருக்கிறார். சோதனைகளைத் தாண்டிவிட்டார்கள், எல்லாம் சரியாகப் போனது. அப்புறம் ஒரு அறிவிப்பு: இயந்திரக் கோளாறு, விமானம் தாமதம். அவ்வளவுதான். நானும் என் வேலையில் அதே மாதிரி அறிவிப்பை எத்தனையோ முறை மைக்கில் சொல்லியிருக்கிறேன். சொன்னதும் கூடத்தில் என்ன நடக்கும் என்று தெரியும். சிலர் கடிகாரம் பார்ப்பார்கள், சிலர் எழுந்து கவுண்டரைச் சூழ்ந்துகொள்வார்கள், ஓரிருவர் மட்டும் அசையவே மாட்டார்கள். அசையாதவர்களைத்தான் நான் பயந்து பயந்து பார்ப்பேன், அவர்களுக்குத்தான் அந்த விமானம் போயே ஆக வேண்டியிருக்கும். வேறு விமானத்துக்கு மாறிவிடலாமா என்று அன்று அவர்களுக்கும் யோசனை வந்திருக்கிறது. மாறினால் கவனம் விழும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். போலிப் பெயரோடு, கையில் ஒரு போர்டிங் பாஸோடு, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை அப்படியே காட்டியிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

கோளாறு சரியாகி விமானத்தில் ஏறப் போனபோது, அதன் மூக்கில் எழுதியிருந்த பெயர் ஆர்காவ். சுவிட்சர்லாந்தின் ஒரு மாநிலத்தின் பெயர் அது. இவர்கள் எடுப்பதாகச் சொன்ன பொய்ப் படத்தின் பெயர் ஆர்கோ. 6 பேரில் ஒருவர் மெண்டெஸின் கையில் தட்டி அதைக் காட்டியிருக்கிறார். அப்புறம் எல்லோரும் படியேறி உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.