ஒற்றைக் கையும் அரையிருட்டும்

ஐந்தாம் மாதத்திலேயே குழந்தை அறைப் படங்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒன்பதாம் மாதம் முடிவதற்குள் போனில் முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றிலும் வெள்ளைச் சுவர், வெள்ளைத் தொட்டில், தொட்டிலுக்குள் ஆறேழு குட்டித் தலையணைகள், மேலே கூடாரம்போல வலைத்துணி, மூலையில் ஒரு நாற்காலி, அதன்மேல் யாரும் தொட்டிராத கம்பளிப் போர்வை. பார்க்கக் கண்ணுக்கு இதமாகத்தான் இருந்தது. இப்போது மகளுக்கு எட்டு மாதம். அந்தப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டவை நாலைந்து யோசனைகள்தான். மற்றதெல்லாம் இரவு மூன்று மணிக்குக் குழந்தையை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் துழாவித் துழாவிக் கண்டுபிடித்தவை.

அதனால் இப்போது மாசமாக இருக்கும் தோழிகள் கேட்டால் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். எதை வாங்கினாலும், எங்கே வைத்தாலும், அதை ஒற்றைக் கையால், அரையிருட்டில் எடுக்க முடியுமா, திறக்க முடியுமா, மூட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டாம் வாரத்திலேயே எரிச்சலைக் கிளப்பும். உடுப்புக்கும் இதே கணக்குதான், அதனால்தான் அறையையும் என் துணி அலமாரியையும் நான் தனித்தனியாக யோசிப்பதில்லை.

எல்லாரும் தொட்டிலில் தொடங்குவார்கள். நான் நாற்காலியில் தொடங்கச் சொல்வேன். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம், சில சமயம் நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் அந்த அறையில் நீங்கள் வாழ்வதே அந்த நாற்காலியில்தான். கைப்பிடி, தோளைத் தூக்காமல் முழங்கையைச் சாய்க்கிற உயரத்தில் இருக்க வேண்டும், முதுகுப்பக்கம் தலை சாய்க்கிற அளவு நீளமாக இருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து பாருங்கள். எழ முடிகிறதென்றால் வாங்கலாம். குழந்தை தூங்கியபின் கையை ஊன்றாமல் எழ வேண்டியிருக்கும், சிசேரியன் ஆனவர்களுக்கு அது இன்னும் கஷ்டம். உறை கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்கட்டும்.

நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே என்ன தெரிகிறது என்பதையும் பாருங்கள். படங்களை நின்றுகொண்டு மாட்டினால் உட்கார்ந்திருப்பவருக்கு அவை எப்போதும் உயரத்தில் இருக்கும். நான் என் கண்மட்டத்துக்கு ஒரு கடல் ஓவியத்தை இறக்கி மாட்டினேன். எந்தச் சுவரில் எதை மாட்டலாம் என்று நான் செலவழித்த அத்தனை நேரத்திலும் இந்த ஒன்றுக்குத்தான் முழுப் பலன் கிடைத்தது. பக்கத்தில் சின்ன மேசை, அதில் மூடி போட்ட தண்ணீர் பாட்டில், சார்ஜர், இரண்டு மஸ்லின் துணி. பால் இறங்கும்போது வருகிற தாகம் சாதாரணத் தாகம் இல்லை, தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அழுகை வந்துவிடும்.

அடுத்து வெளிச்சம். கூரை விளக்கை இரவில் தொடவே கூடாது. நாற்காலிக்குப் பின்னால் தாழ்வாக ஒரு விளக்கு, வெளிச்சத்தைக் குறைக்கிற வசதியோடு, மஞ்சள் கலந்த பல்பு. பெட்டியில் வெளிச்சத்தின் நிற அளவு 2700 கெல்வின் அல்லது அதற்குக் கீழே போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைக் குறைக்கும், அது அம்மாவுக்கும் சேர்த்துத்தான். திரைச்சீலை இரண்டு அடுக்காக இருந்தால் நல்லது, பகலுக்கு மெல்லியது, தூக்கத்துக்குக் கனமானது. கம்பியைக் கூரைக்குக் கிட்டே மாட்டித் துணியைத் தரைவரை விட்டால் சின்ன அறைகூட உயரமாகத் தெரியும். கயிறு இழுத்து மூடுகிற பிளைண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கயிறு கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

தொட்டில் விஷயத்தில் என் மனம் முழுதாக மாறிவிட்டது. தொட்டில் காலியாக இருக்க வேண்டும். கெட்டியான, சமமான மெத்தை, அதன்மேல் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு விரிப்பு, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பது, அவ்வளவுதான். தலையணை, போர்வை, பொம்மை, பக்கவாட்டில் கட்டுகிற பஞ்சுத் தடுப்பு எதுவும் வேண்டாம், மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. அந்தப் பஞ்சுத் தடுப்புகளை அமெரிக்காவில் 2022-இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள், ஆனாலும் அழகுப் படங்களில் அவை இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையக் கூடாது. யாராவது பழைய தொட்டில் தந்தால் இதையெல்லாம் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு பக்கக் கதவு கீழே இறங்கும் மாதிரித் தொட்டில்களை அமெரிக்காவில் 2011-இல் தடை செய்தார்கள், பாசத்தோடு கொடுத்தாலும் அந்த வகை வேண்டாம்.

காலித் தொட்டில் மொட்டையாக இருக்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அழகை விரிப்புக்கும் பின்சுவருக்கும் மாற்றிக்கொண்டேன். பருத்தி விரிப்பு நாலு, நாலும் ஒரே நிறக் குடும்பத்தில், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு அச்சு. பின்சுவரில் தொட்டிலைவிட இரண்டு கை அகலமாக ஒரு வளைவு, களிமண் நிறத்தில், பெயின்டால் மட்டும். தொட்டிலுக்கு மேலே கண்ணாடிச் சட்டமோ அலமாரிப் பலகையோ மாட்டாதீர்கள், விழுந்தால் விழுகிற இடம் அதுதான். பெயின்ட் வேலையைப் பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே முடித்து ஜன்னலைத் திறந்து வைத்துவிடுங்கள். பழைய வீடென்றால் பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம், அதைச் சுரண்டும் வேலை கர்ப்பிணிக்கு வேண்டவே வேண்டாம்.

தனி அறை இல்லையே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். முதல் ஆறு மாதமாவது குழந்தை, பெற்றோர் தூங்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவதுதான் பாதுகாப்பு என்று குழந்தை மருத்துவர்களே சொல்கிறார்கள். அதனால் படுக்கையறையின் ஒரு மூலையே போதும். எங்களுடையதும் மூலைதான். அந்த வளைவுப் பெயின்டும் ஒரு வட்ட விரிப்பும் சேர்ந்து அதைத் தனி அறை மாதிரி பிரித்துக் காட்டிவிட்டன.

இனி நிறம். இதைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு எல்லாமே தலைகீழாகத் தெரிந்தது. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மார்பிலிருந்து அம்மா முகம் வரை உள்ள தூரம் கிட்டத்தட்ட அதுதான். நிறங்களை நன்றாகப் பிரித்துப் பார்க்கவே மூன்று நான்கு மாதம் ஆகும், அதுவரை கறுப்பு வெள்ளை போன்ற அழுத்தமான வித்தியாசங்கள்தான் கண்ணை இழுக்கும். அப்படியென்றால் நாம் வாரக்கணக்கில் தேடித் தேர்ந்தெடுத்த சுவர் நிறம் முழுக்க நமக்குத்தான். அதனால் தைரியமாக உங்களுக்குப் பிடித்த நிறத்தைப் பூசுங்கள், இளஞ்சிவப்பா நீலமா என்ற குழப்பமே வேண்டாம். 1918-இல் அமெரிக்காவில் குழந்தை உடுப்பு வியாபாரப் பத்திரிகை ஒன்று, ஆண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு, பெண் குழந்தைக்கு நீலம் என்று எழுதியிருக்கிறது, இன்றைக்கு அப்படியே நேர்மாறு! நான் களிமண் நிறமும் இலைப்பச்சையும் எடுத்தேன்.

குழந்தைக்காக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அந்த 30 சென்டிமீட்டருக்குள் செய்யுங்கள். தொட்டில்மேல் தொங்கும் பொம்மைகளில் பெரும்பாலானவை பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்காகச் செய்தவை, கீழே படுத்திருக்கும் குழந்தைக்கு யானையின் வயிறும் மேகத்தின் அடிப்பக்கமும்தான் தெரியும். வாங்கும் முன் அதைத் தலைக்கு மேலே பிடித்து அண்ணாந்து பாருங்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் புரூனோ முனாரியின் பெயரில் ஒரு தொங்கு பொம்மை உண்டு, மான்டிசோரி முறையைப் பின்பற்றும் வீடுகளில் அதைத்தான் முதலில் மாட்டுவார்கள். கறுப்பு வெள்ளை வடிவங்களும் வெளிச்சத்தைத் திருப்பித் தரும் ஒரு கண்ணாடி உருண்டையும் மெதுவாகச் சுழலும். அட்டையும் நூலும் வைத்து என் கணவர் அந்த மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தார், கண்ணாடிக்குப் பதிலாகப் பளபளக்கும் காகித உருண்டை. மகள் பத்து நிமிடம் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. குழந்தை கையை ஊன்றி எழும்ப ஆரம்பித்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

இந்த 30 சென்டிமீட்டர் விஷயம்தான் என்னை உடுப்புப் பக்கம் கொண்டுவந்தது. அறையில் குழந்தை மிக அருகில் பார்ப்பது எது? அம்மாவின் தோளும் கழுத்துப் பட்டையும். என்னிடம் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒரு பழைய பருத்திச் சட்டை உண்டு, முன்பக்கம் முழுக்கப் பித்தான். அதைப் போட்ட நாட்களில் அவள் ஏப்பம் விட வைக்கத் தோளில் சாய்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுக் கோடுகளையே பார்ப்பாள். அப்புறம் வாங்கிய துணியிலெல்லாம் கோடும் கட்டமும்தான்.

ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன் ஒரு மோசமான நாள் இருந்தது. ஆறாம் வாரம், மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும், பிள்ளை பெற்றபின் முதல் தடவையாக வெளியே போகிறோமே என்று எனக்கு மிகவும் பிடித்த கவுனைப் போட்டுக்கொண்டு போனேன். முதுகில் ஜிப். வயிறு கொஞ்சம் இறுக்கியது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். காத்திருக்கும்போது குழந்தை பசியில் கத்த ஆரம்பித்தாள், பால் கொடுக்க வேண்டுமென்றால் கவுனை முழுதாகக் கழற்ற வேண்டும். கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஜிப்புக்குக் கை எட்டாமல், அவள் அழ நானும் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் அதை உறையில் போட்டு மேல்தட்டில் வைத்துவிட்டேன். அது நல்ல கவுன், அதன் காலம் திரும்ப வரும், அதுவரை அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டு என்னை வருத்த வேண்டாம்.

உடம்பைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். பெற்றவுடன் வயிறு போய்விடாது. கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஆறு வாரம்போல ஆகும். மார்பின் அளவு பால் ஊறும்போது ஒன்று, சில வாரம் கழித்து வேறொன்று. அதனால் ஃபீடிங் பிராவை முன்கூட்டியே ஆறு வாங்கி அடுக்காதீர்கள். கடைசி மாதத்தில் கம்பி இல்லாதது இரண்டு, மீதியைப் பால் சீரானபின் அளவெடுத்து வாங்கலாம், கம்பி அழுத்தினால் பால் கட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. கொக்கியை ஒற்றைக் கையால் கழற்றி மாட்ட முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். சிசேரியன் என்றால் தையல் அடிவயிற்றில் இருக்கும், சாதாரணக் கால்சட்டையின் எலாஸ்டிக் சரியாக அங்கேயே உரசும், ஆகவே தொப்புளுக்கு மேலே ஏறும் இடுப்புப்பட்டை. முதல் சில வாரம் இரவில் வேர்த்துக் கொட்டும், பருத்தி இல்லாமல் சமாளிக்க முடியாது.

அப்புறம் அழகு. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: தொளதொளவென்று ஒரே ஒரு மூட்டையாக இருக்க வேண்டியதில்லை. இடுப்பில் சுற்றிக் கட்டும் கவுன் எனக்கு மிகவும் உதவியது. உடை வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் 1974-இல் அதைப் பிரபலமாக்கியபோது பால் கொடுக்கும் அம்மாக்களை நினைத்துச் செய்தாரோ என்று தோன்றும் அளவுக்குப் பொருந்துகிறது. முன்பக்கம் திறக்கும், இடுப்பு இளைக்க இளைக்க முடிச்சை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம், எந்த அளவு என்ற கேள்வியே இல்லை. சட்டை என்றால் உள்ளே ஒரு கையில்லா பனியன், அதைக் கீழே இறக்கி, சட்டையை மேலே தூக்கினால் வயிறும் முதுகும் வெளியே தெரியாது, சில்லிடாது. சாம்பல் நிறம் வேண்டாம், பால் கசிந்தால் ஒரு சொட்டுகூட வட்டமாகத் தெரியும். கறுப்பில் ஈரம் தெரியாது, ஆனால் கக்கிய பால் காய்ந்ததும் வெள்ளைத் தடம் நிற்கும். நெருக்கமான சின்ன அச்சு, பளபளப்பில்லாத துணி, நடுத்தர நிறம், இதில்தான் எல்லாம் மறையும். என் உடுப்புகளும் அறையின் அதே களிமண், இலைப்பச்சை, வெள்ளை நிறங்களில்தான் இருக்கின்றன. எதை எதோடு போட்டாலும் சேர்ந்துவிடும், தூக்கமில்லாத காலையில் யோசிக்க வேண்டியதில்லை, சாய்ந்து தூங்கிப்போன நிலையில் யாராவது படம் எடுத்தால்கூட நன்றாக வருகிறது.

நகையில் கம்மல் மட்டும், அதுவும் காதோடு ஒட்டியது. வாசனைத் திரவியத்தைச் சில மாதம் ஒதுக்கி வைத்தேன், அவள் என்னைக் கண்டுகொண்டது என் வாசனையால்தான். மூன்றாம் மாதம்போல முடி கொத்துக் கொத்தாக உதிரும், பயந்துவிடாதீர்கள், ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். ஆனால் உதிர்ந்த முடி குழந்தையின் கால்விரலில் இறுகச் சுற்றிக்கொள்வது உண்டு, சாக்ஸ் போடும் முன் ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். நான் முடியைக் கழுத்தளவு வெட்டிவிட்டு அகலமான துணிப் பட்டை கட்டிக்கொண்டேன், அதுவே என் அடையாளமாகிவிட்டது.

இப்போது அவள் தவழ்கிறாள். இழுப்பறை அலமாரியை முன்பே சுவரோடு திருகி வைத்திருந்தோம், கீழ் இழுப்பறையைத் திறந்து ஏறப் பார்க்கிறாள், நல்லவேளை. இந்த வாரம் தொட்டில் மெத்தையைக் கடைசி மட்டத்துக்கு இறக்க வேண்டும், திரைச்சீலையையும் அவள் கைக்கு எட்டாமல் சுருக்கிக் கட்ட வேண்டும். நேற்று அந்தக் கீழ் இழுப்பறையிலிருந்து எல்லாத் துணியையும் விட்டுவிட்டுக் கோடு போட்ட சட்டையை மட்டும் வெளியே இழுத்து, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். துவைத்து, மடித்து, திரும்ப அங்கேயே வைத்திருக்கிறேன்.