முடியாது என்று எப்போது சொல்வது?

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைப் பட்டியலிட்டது. முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, உணர்ச்சிகளைக் கையாள்வது எல்லாம் அதில் உண்டு. பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்ட பட்டியல். வேலைக்கு வந்தபின் அவற்றில் பல ஒரே நேரத்தில் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: ‘சொன்ன தேதியில் முடியாது’ என்று வாய் திறக்க வேண்டிய நேரம்.

பலரும் இதைக் கடைசி நாளில்தான் சொல்கிறார்கள். சோம்பல் அல்ல, எப்படியும் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. ஆய்வேடு எழுதிய மாணவர்களிடம் எத்தனை நாள் ஆகும் என்று கேட்ட ஆய்வு ஒன்று 1994-ல் வெளியானது. சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனதோ 55 நாளுக்கு மேல். தடங்கலே வராது என்று வைத்துக் கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். இதே மாதிரி வேலை போன முறை எத்தனை நாள் இழுத்தது என்று பார்த்து, அங்கிருந்து கணக்கைத் தொடங்குவது நல்லது.

பத்து நாள் வேலை என்றால் ஐந்தாம் நாள் நிலவரம் பாருங்கள். ‘பாதி முடிந்தது’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். எல்லோரும் சுலபமான பாதியைத்தான் முதலில் முடிப்பார்கள். சரிபார்ப்பு, ஒப்புதல், அடுத்தவர் தர வேண்டிய பதில் எல்லாம் மிச்சப் பாதியில் காத்திருக்கும். கடினமான பகுதியை இன்னும் தொடவில்லை என்றால் அன்றே சொல்லிவிட வேண்டும்.

சொல்லும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ‘கொஞ்சம் லேட் ஆகும்’ என்றால் ஒருவருக்கு ஒரு மணி நேரம், இன்னொருவருக்கு ஒரு வாரம். ‘முயற்சி பண்றேன்’ என்பது கேட்பவர் காதில் ‘சரி’ என்றே விழும். மன்னிப்பையும் காரணங்களையும் முன்னால் அடுக்கினால் விஷயம் அடியில் புதைந்துவிடும். இப்படி எழுதலாம்: ‘வெள்ளி மாலை தர வேண்டிய அறிக்கை செவ்வாய் மதியம்தான் முடியும். கிளைக் கணக்குகள் இரண்டு இன்னும் வரவில்லை. அவை இல்லாமல் என்றால் வெள்ளியே தரலாம். எது வேண்டும் என்று இன்று சொன்னால் போதும்.’ புதிய தேதி, காரணம், மாற்று வழி, கேள்வி. அவ்வளவுதான்.

கோபமாக வரும் பதிலுக்கு உடனே மறுமொழி தட்டச்சு செய்ய கை துறுதுறுக்கும். தட்டுங்கள், ஆனால் பெறுநர் முகவரியை அழித்துவிட்டு. தவறி அழுத்தினாலும் போகாது.

செய்தியைக் கேட்கும் மேலாளருக்கும் இதில் பங்கு உண்டு. ஐந்தாம் நாளே வந்து சொன்னவரிடம் எரிந்து விழுந்தால், அடுத்த முறை அவர் பத்தாம் நாள்தான் வருவார்.

வாய்மொழியாகப் பேசி முடித்தால் விமானிகளின் வழக்கம் உதவும். கட்டுப்பாட்டு அறை தரும் அனுமதியை விமானி திருப்பிச் சொல்வார். பிசகு இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். ‘அப்போ செவ்வாய் மதியம், இரண்டு கிளையும் சேர்த்து, சரிதானே?’ என்று கேட்க பத்து வினாடிகூட ஆகாது.