நெய்யில் வரும் ‘எய்’

பெண் குழந்தை என்று ஸ்கேனில் தெரிந்த அன்றே பெயர்ப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. கணவர் பிரிட்டனின் வேல்ஸில் கார்மார்த்தன் பக்கத்துக்காரர், அந்நாட்டு மொழியான வேல்ஷ் பேசும் வீட்டில் வளர்ந்தவர். நான் கும்பகோணம். இப்போது இருப்பது வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில். மகளை வேல்ஷ் வழிப் பள்ளியில்தான் சேர்க்கப்போகிறோம், அதனால் பெயரும் அந்த மொழியிலேயே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். ஆனால் அது என் அம்மா வாயிலும் நுழைய வேண்டும்.

முதலில் பழங்கதைப் பெயர்களைப் பார்த்தோம். ‘பிரான்வென்’ எனக்கு மிகவும் பிடித்தது. கதையைக் கேட்டதும் மனம் ஒப்பவில்லை. அயர்லாந்து மன்னனுக்கு வாழ்க்கைப்பட்டு, தன்னால் இரண்டு நாடுகள் அழிந்தனவே என்று நெஞ்சு வெடித்து இறந்தவள் அவள்.

அப்புறம் மாமியார்தான் புதுப் பெயர்களின் பக்கம் திருப்பினார். நாம் நிலா, மலர், கயல் என்று வைப்பதுபோல, அன்றாடச் சொல்லையே பெயராக்கிக்கொள்ளும் வழக்கம் அங்கேயும் உண்டு. செரென் என்றால் நட்சத்திரம், என்விஸ் வானவில், ஹாவ் கோடை, எய்ரா பனி. அகராதியைப் புரட்டாமலே பொருள் விளங்கும் பெயர்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஒவ்வொன்றையும் அம்மாவிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். செரென், அம்மா வாயில் சேரன் ஆனது. “ஆம்பளப் பேரா இருக்கேடி” என்றார். எலின் நல்ல பெயர், ஆனால் செல்லமாகச் சுருக்கினால் எலி. லவ்ரி, லாரி ஆகிவிட்டது. இரண்டு ‘எல்’ சேர்த்து எழுதும் பெயர்களை நானே விட்டுவிட்டேன். நாக்கை ‘ல’ சொல்லும் இடத்தில் வைத்து, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் ஓரமாக விட வேண்டும். கணவர் நம் ‘ழ’வோடு படும் பாட்டை அதில் நான் பட்டேன்.

எய்ரா என்றதும் அம்மா, “ஐராவா? ஐராவதம் மாதிரியா?” என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. சாபத்தால் நிறம் இழந்த ஐராவதம் மீண்டும் வெள்ளையானதாகத் தலபுராணம் சொல்லும் தாராசுரம் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். வெள்ளை யானை, வெள்ளைப் பனி! கணவருக்கும் அந்தக் கதை பிடித்துப்போனது. ஆனால் உச்சரிப்பில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதை ‘ஐரா’ என்றுதான் படிப்பார்கள், நம் வீட்டிலாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்றார். நியாயம்தானே. “நெய்யில வர்ற எய்மா” என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த நொடியே சரியாகச் சொன்னார். எங்கள் தேடல் அங்கே முடிந்தது.

பின்பெயரில் எனக்கு இன்னொரு மகிழ்ச்சி காத்திருந்தது. வேல்ஸிலும் ஒரு காலத்தில் நம் இனிஷியல் போலத் தந்தை பெயர்தான் கூட வந்தது. மகன் என்றால் ‘அப்’, மகள் என்றால் ‘வெர்க்’. 1536இல் தொடங்கி இங்கிலாந்தோடு சட்டப்படி இணைக்கப்பட்ட பிறகு, நிலையான குடும்பப் பெயர்கள் மெல்லப் பரவின. ‘அப் ரீஸ்’ பிரைஸ் ஆனது, ‘அப் ஹவெல்’ பவெல் ஆனது. இப்போது சில குடும்பங்கள் பழைய முறைக்குத் திரும்புகின்றன. நாங்களும் ‘வெர்க்’ போட்டு அவர் பெயரைச் சேர்த்தோம். என் அப்பா பெயர் என்னோடு வருவதுபோல அவர் பெயர் மகளோடு வரும்.

இங்கே பிறப்பைப் பதிவு செய்ய 42 நாள் அவகாசம். வேல்ஷ் தெரிந்த பதிவாளர் வேண்டும் என்று நேரம் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். கணவர் விவரங்களை வேல்ஷில் சொன்னதால் சான்றிதழ் இரண்டு மொழியிலும் கிடைத்தது. கையெழுத்துப் போடுமுன் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். அப்புறம் திருத்துவது பெரிய வேலை.

சென்ற வாரம் அம்மா தாராசுரம் போய்ப் பேத்தி பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறார். குருக்கள் “ஐரா” என்று ஆரம்பித்தாராம். “ஐரா இல்ல சாமி, எய்ரா. நெய்யில வர்ற எய்” என்று திருத்திச் சொல்ல வைத்திருக்கிறார் அம்மா.