மீதி இரண்டு வருடம்

ஜனவரி 6

ஃபால் செமஸ்டர் கிரேடு ஏறிவிட்டது. கால்குலஸ் மூன்றில் ஏ. டிஸ்கிரீட் மேத்ஸில் பி. கடைசித் தேர்வில் எண்ணியதையே இரண்டு தடவை எண்ணிவிட்டு வந்தேன், வேறு எப்படி வரும். சரி, போகட்டும்.

ஜனவரி 9

இந்தக் கம்யூனிட்டி காலேஜிலிருந்து கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியின் மூன்றாம் வருடத்துக்கு மாறப் போட்ட விண்ணப்பம், அதன் அப்டேட் படிவம் திறந்துவிட்டது. 31-க்குள் முடிக்க வேண்டும். இங்கே படித்ததெல்லாம் பத்து நிமிட வேலை. ஊரில் பாதியில் விட்ட பழைய கல்லூரிதான் தொண்டையில் நிற்கிறது. பள்ளி முடிந்த பிறகு எந்த நாட்டில், எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் எழுதியாக வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கொடுத்த இடத்தையும் எடுத்துக்கொள்வார்கள்.

நவம்பரில் விண்ணப்பம் போட்டபோது இரண்டு செமஸ்டர் மட்டும் எழுதினேன். மூன்றாவதை எழுதவில்லை. மார்க் ஞாபகமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மார்க் இருந்தால்தானே ஞாபகம் இருக்க?

இதைக் கேட்கத்தான் கவுன்சலரிடம் அரை மணி நேரம் நேரம் வாங்கிப் போனேன். "ரொம்பப் பழசு, விட்டுவிடுங்கள்" என்றார். அடுத்த வாரம் இன்னொருவர், "ஒரு நாள் போயிருந்தாலும் எழுதுங்கள்" என்றார். இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த அறை.

ஜனவரி 10

அண்ணி இன்னும் பழைய மார்க் ஷீட் போட்டோ அனுப்பவில்லை.

ஜனவரி 14

பொங்கல். போட்டோ வந்தது. அம்மாவின் பச்சை டிரங்குப் பெட்டியில், புடவைக்கு அடியில் இருந்ததாம். யாரோ லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார்கள். அண்ணி ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கிறாள். வெளிச்சம் சரியாக அந்த வரிமேல் விழுந்திருக்கிறது. அல்ஜீப்ரா 71, அடுத்தது 58, தமிழ் 66, அப்புறம் ஒரு வெள்ளை வட்டம். வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அலைடு பிசிக்ஸ், ஆப்சென்ட், நவம்பர் 2003.

மார்க்கை இருக்கிறபடியே போடு, நீயாக ஏ, பி என்று மாற்றாதே என்கிறது படிவம். ஆப்சென்ட்டை எப்படிப் போடுவது என்று சொல்லவில்லை.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இவர் "பொங்கலோ பொங்கல்" என்றார். நான் துடைத்தேன்.

ஜனவரி 17

எழுதிவிட்டேன். மூன்றாம் செமஸ்டர், ஐந்து பேப்பர், எல்லாம். குறிப்பு எழுதும் கட்டத்தில், "அன்று எனக்கு நிச்சயதார்த்தம்" என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். அழித்தேன். "குடும்பக் காரணங்கள்" என்று போட்டேன்.

பாப்பா பின்னால் நின்று படித்திருக்கிறாள். "அம்மா, எக்ஸாம் அன்னிக்கா ஃபங்ஷன் வச்சாங்க? யாருமே டேட் பாக்கலையா?" பார்த்தார்கள். முகூர்த்தம் பார்த்தார்கள். அடுத்த ஏப்ரலில் எழுதிக்கலாம் என்றார் அப்பா.

ஜனவரி 29

லீனியர் அல்ஜீப்ரா வகுப்பை ரத்து செய்துவிட்டார்கள். ஆள் போதவில்லையாம். பதினொரு பேர் இருந்தோம். காலை 7.40-க்கு மெயில், எட்டரைக்கு வகுப்பு. 22-ஆம் நம்பர் பஸ்ஸில் எல் கமினோ ரியலில் பாதி வழி போனபிறகுதான் பார்த்தேன்.

இந்தப் பாடம் ஸ்பிரிங் செமஸ்டருக்குள் முடிய வேண்டும் என்பது, இடம் தருகிறோம் என்று சான்டா குரூஸ் வளாகம் கொடுத்த உத்தரவாதத்தின் நிபந்தனை. உத்தரவாதம் என்று பெயர்தான், அதற்குள் எத்தனை "ஆனால்". கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி வளாகங்களில் ஆறுதான் இதைக் கொடுக்கின்றன. ஒருவர் ஒன்றைத்தான் கேட்கலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ அந்தப் பேச்சுக்கே வருவதில்லை. நான் சான்டா குரூஸைக் கேட்டேன், கிடைத்தது. பெர்க்லிக்கு 80 டாலர் கட்டியது இவருக்கு இன்னும் தெரியாது.

ஆபீஸில் இருந்த பெண், "கோடையில் எடுத்துக்கொள்ளலாமே" என்றாள், சிரித்த முகமாக. கோடையில் எடுத்தால் செல்லாது. அவளுக்கு அது தெரியவில்லை. அடுத்த ஏப்ரலில் எழுதிக்கலாம் என்பதும் இதே குரலில்தான் வந்தது.

ஜனவரி 30

இரவு ஒன்றரை வரை அசிஸ்ட் தளம். இந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் அந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று இடது வலதாகப் போட்டிருப்பார்கள். சமமானது இல்லை என்றால், "நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்." இந்த மூன்று வார்த்தையைக் கனவில்கூடப் பார்க்கிறேன். பக்கத்து மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஆன்லைனில் இருக்கிறது, சமம்தான், ஆனால் வெயிட்லிஸ்ட். நான் நான்காவது.

ஜனவரி 31

மூன்றாவது. படிவத்தில் "திட்டமிட்டது" என்று போட்டு அனுப்பிவிட்டேன். பொய் இல்லை. திட்டம்தானே.

பிப்ரவரி 4

இடம் கிடைத்தது!! யூனிட்டுக்கு 46 டாலர், உடனே கட்டினேன். கல்லூரி மாறியதைச் சொல்லி மூன்று இடத்துக்கு எழுதியாயிற்று. இரவு ரவா உப்புமாதான். யாரும் முகம் சுளிக்கவில்லை.

பிப்ரவரி 21

இவரிடம் லைப்ரரி என்று சொல்லிவிட்டு பெர்ரியெசா ரயில் ஸ்டேஷனுக்குப் போனேன். ஆரஞ்சு லைன், நடுவில் மாற வேண்டாம், டவுன்டவுன் பெர்க்லியில் இறக்கிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஃப்ரீமான்ட் தாண்டுவதற்குள் ஒரு மேட்ரிக்ஸை ரோ ரிடக்‌ஷன் செய்து முடித்தேன். ஓக்லண்டுக்கு முன்னால் இன்னொன்று. அதில் குறி ஒன்று தப்பு, திரும்பும்போதுதான் பார்த்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் "என்எல்" என்று பலகை. நோபல் வாங்கியவர்களுக்கு மட்டுமாம். நம் ஊரில் மாலை போட்டு மேடையில் உட்கார வைப்பார்கள்; இங்கே பார்க்கிங் கொடுக்கிறார்கள், அதுதான் உபயோகம். கணிதத் துறை இருக்கும் எவன்ஸ் ஹால் சிமென்ட் டப்பா மாதிரி இருக்கிறது. பெரிய பூகம்பத்தைத் தாங்காது என்று சொல்லிவிட்ட கட்டடம். உள்ளே போய், ஒரு தாழ்வாரம் நடந்து, தண்ணீர் குடித்து, வெளியே வந்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஒரு பையன் மட்டும் "ப்ரொஃபசர்?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

மார்ச் 6

மழை. ஹைவே 17-ல் மறுபடி விபத்து. சான்டா குரூஸ் போனால் தினமும் அந்த மலைதான்.

மார்ச் 19

இரண்டாம் மிட்டர்ம் 84.

சோஷியாலஜி வகுப்பில் கலிஃபோர்னியா உயர்கல்விக்கான 1960-ஆம் வருட மாஸ்டர் பிளான் பாடம் நடந்தது. யுனிவர்சிட்டியில் மேல் இரண்டு வருட மாணவர்கள் அறுபது பங்கு, கீழ் இரண்டு வருடம் நாற்பது பங்கு இருக்கும்படி திட்டமிட்டார்களாம், நடுவில் வந்து சேர்கிறவர்களுக்கு இடம் வேண்டுமே என்று. நான் பிறப்பதற்கு இருபத்து நான்கு வருடம் முன்பே ஒரு கமிட்டி உட்கார்ந்து, நடுவில் வருகிறவர்களும் இருப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் தூக்கம். நான் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 20

நேற்று அவ்வளவு உருகியிருக்க வேண்டாம். நிபந்தனை, வெயிட்லிஸ்ட், ரத்து எல்லாமும் அதே ஊர்தான்.

ஏப்ரல் 8

சான்டா குரூஸ் யெஸ் சொல்லிவிட்டது. திரையில் மஞ்சள் கலரில் அவர்கள் சின்னம், வாழைப்பழ நத்தை. ஓடில்லாத நத்தை. பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். இவர் முதலில் கேட்டது, "பஸ் இருக்கா?" இருக்கிறது. டிரிடான் ஸ்டேஷனில் இருந்து 17 எக்ஸ்பிரஸ். ஜூன் 1-க்குள் சரி சொல்லி 250 டாலர் கட்ட வேண்டும். "இன்னிக்கே கட்டிடு, எதுக்கு லேட்?" என்றார்.

கட்டவில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 11

சொல்லிவிட்டேன். "80 டாலரா?" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, "எத்தனை மணிக்கு ட்ரெயின் முதல்ல?" என்றார்.

ஏப்ரல் 16

பெர்க்லி பதில் இன்னும் இல்லை. ஐகன் வேல்யூ பாடம் ஓடவில்லை.

ஏப்ரல் 17

இல்லை.

ஏப்ரல் 22

எந்த இடமானாலும் ஒரிஜினல் டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும். லேமினேஷன் போட்டோ செல்லாது. ஊரில் பழைய யுனிவர்சிட்டியே கவரில் போட்டு ஒட்டித் தர வேண்டும். அதற்குத் தம்பியை அனுப்பியிருக்கிறேன். இரவு பதினொன்றுக்கு அழைத்தான், அங்கே காலை பதினொன்றரை. பின்னால் ஒரே சத்தம், கவுன்டரில் நிற்கிறானாம்.

"அக்கா, ரிஜிஸ்டர் நம்பர் கேக்குறாங்க. அண்ணிக்கு போன் போட்டுப் பாக்கச் சொல்லவா?"

வேண்டாம், எழுதிக்கோ என்றேன். ஒன்பது இலக்கம். ஒருமுறைகூட நிற்காமல் வந்தது. "அரியர் இருக்கே, எழுதுறீங்களான்னு கேக்குறார்க்கா" என்றான். கவுன்டர்க்காரர் சும்மா கேட்டிருப்பார்.